பொறியியலோடு சட்டமும் படிக்கலாமா?

கேள்வி: மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் இறுதியாண்டு படிக்கிறேன். அடுத்து சட்டம் படித்துக் காப்புரிமை (பேட்டன்ட்) துறைக்குப் போக ஆசை. பொறியியல் படிப்பு அங்கே கைகொடுக்குமா?

பதில்: கட்டாயம் கைகொடுக்கும். அதன் அருமை உரிமைக்கோரல் (கண்டுபிடிப்பில் எதற்கெல்லாம் பாதுகாப்பு வேண்டும் என்று விண்ணப்பத்தில் வரையறுக்கும் பகுதி) எழுதும்போதுதான் தெரியும். ‘மூடி நான்கு திருகாணிகளால் பொருத்தப்பட்டது’ என்று எழுதினால், போட்டியாளர் கிளிப்பை வைத்து நழுவப் பார்ப்பார். கோரலிலுள்ள ஒவ்வொரு கூறும், அல்லது அதற்கு ஈடானது, அவர் பொருளில் இருந்தால்தான் காப்புரிமை மீறல். ‘பிணைப்பான்’ என்று விரித்தெழுதி, திருகாணி, கிளிப், பசை மூன்றையும் விவரணத்தில் (கண்டுபிடிப்பை விளக்கும் பகுதியில்) எடுத்துக்காட்டாகக் கொடுங்கள். அளவுக்கு மீறி விரித்தாலோ பழைய கருவியும் அதற்குள் அடங்கிவிடும், விண்ணப்பம் நிராகரிக்கப்படும். இந்த எல்லையைக் கணிக்க இயந்திரம் அறிந்த கண் வேண்டும்.

சட்டப் பட்டம் எல்லோருக்கும் தேவைப்படாது. விண்ணப்பம் எழுதுவதே விருப்பமென்றால், பல நாடுகளில் காப்புரிமை முகவர் தேர்வுக்குத் தொழில்நுட்பப் பட்டமே போதும். மீறல் வழக்குகளில் வாதாட வேண்டுமானால் சட்டம் படியுங்கள்.

முக்கியமான ஒன்று: உங்கள் இறுதியாண்டு புராஜெக்ட்டில் புதுமை இருந்தால், விண்ணப்பிக்கும் முன் கருத்தரங்கிலோ இணையத்திலோ வெளியிடாதீர்கள். வெளியிட்ட பின்னும் விண்ணப்பிக்கச் சில நாடுகள் சலுகைக் காலம் தந்தாலும், மற்ற நாடுகளில் அதன் ‘புதுமை’ அன்றே போய்விடும்.