எழுத்தாளர் படம் காட்டலாமா?

'புத்தகம் போட்டாச்சு, அப்புறம்?' என்று சென்ற இதழில் ஒரு வரி எழுதி, இன்ஸ்டாகிராம், யூடியூப் மாதிரி படம் சார்ந்த தளங்களில் புத்தகத்தைக் கொண்டுபோவது பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்ததில் பாதி புலம்பல். அதையும் கேள்வியாக மாற்றிக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் போடவில்லை.

கேள்வி: என் முதல் சிறுகதைத் தொகுப்பு வந்து மூன்று மாதம் ஆகிறது. இன்ஸ்டாகிராமில் அட்டைப்படத்தைப் பதினைந்து முறையாவது போட்டிருப்பேன். வாழ்த்து, கைதட்டல், இதயம் எல்லாம் வருகிறது, புத்தகம் மட்டும் போகவில்லை. என்ன தவறு?

பதினைந்து முறையும் அட்டையையே போட்டதுதான். முதல் தடவை போட்டபோது அது செய்தி, தெரிந்தவர்கள் வாழ்த்தினார்கள், நியாயம். மூன்றாவது தடவையிலிருந்து அது சுவரொட்டி ஆகிவிட்டது.

அட்டை எதற்கு உதவும் என்றால், ஏற்கெனவே வாங்க நினைத்தவர் கடையில் புத்தகத்தை அடையாளம் கண்டுபிடிக்க உதவும். உங்கள் பெயரையே கேள்விப்படாத ஒருவர் வரிசையாகத் தள்ளிக்கொண்டு போகும்போது அதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. அவருக்கு உள்ளே இருப்பதில் ஒரு துளி வேண்டும். ஆகவே தொகுப்பையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, கதைக்கு ஒரு வரியாகக் கோடு போடுங்கள். தத்துவ வரி வேண்டாம், 'வாழ்க்கை ஒரு நதி' வகையறா இணையத்தில் ஏற்கெனவே கொட்டிக் கிடக்கிறது. ஏதோ நடந்துகொண்டிருக்கிற வரியாகப் பாருங்கள். 'அக்கா திரும்பி வந்தபோது அவள் கையில் வேறு யாருடைய பையோ இருந்தது' என்று ஒரு வரி (உதாரணத்துக்கு இப்போது நானே எழுதியது, யாரும் தேட வேண்டாம்) கண்ணில் பட்டால், யாருடைய பை என்று ஒரு நொடியாவது மனம் கேட்கும். அந்த ஒரு நொடிதான் உங்களுக்கு வேண்டியது.

இதற்குத் தோதான வடிவம், ஒன்றன் பின் ஒன்றாகத் தள்ளிப் பார்க்கிற பலபடப் பதிவு, கேரசல் என்பார்கள். 2017-ல் இன்ஸ்டாகிராமில் வந்தபோது பத்துப் படம் வரை போடலாம் என்று இருந்தது, 2024-லிருந்து இருபது வரை விடுகிறார்கள். இருபதையும் நிரப்ப வேண்டாம். முதல் படத்தில் அந்த வரி மட்டும், வெற்றுப் பின்னணியில், பெரிதாக. அடுத்த மூன்று நான்கில் அந்தக் கதையின் ஆரம்பம், சுவாரசியம் பிடிக்கிற இடத்தில் ஈவிரக்கம் இல்லாமல் நிறுத்திவிடுங்கள். கடைசிப் படத்தில் அட்டையும் எங்கே கிடைக்கும் என்ற தகவலும். ஆம், அட்டை கடைசியில்தான்.

கீழே எழுதுகிற குறிப்புக்கு 2,200 எழுத்துக்குறிகள் வரை இடம் உண்டு. தமிழில் 'கொ' என்ற ஓர் எழுத்தே கணினிக் கணக்கில் இரண்டு குறி என்பதால் நமக்கு இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும், அது பரவாயில்லை. பிரச்சினை வேறு. 'மேலும்' என்பதை அழுத்தாமல் கண்ணில் படுவது முதல் ஓரிரு வரிதான். அந்த இடத்தை 'நண்பர்களே, மிக்க மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்வது' என்று தொடங்கிப் பலர் வீணடிக்கிறோம். இன்னொன்று, அந்தக் குறிப்பில் ஒட்டுகிற இணைப்பு அழுத்தினால் திறக்காது. விற்பனைப் பக்கத்தின் நீண்ட முகவரியை அங்கே ஒட்டிவிட்டுக் காத்திருப்பவர்களைத் தினமும் பார்க்கிறேன். இணைப்பு போக வேண்டிய இடங்கள் இரண்டு: உங்கள் பக்கத்தின் அறிமுகப் பகுதி, அதாவது பயோ (2023-லிருந்து அங்கே ஐந்து இணைப்புகள் வரை வைக்கலாம்), அப்புறம் 24 மணி நேரத்தில் மறைகிற ஸ்டோரியில் ஒட்டுகிற இணைப்பு ஸ்டிக்கர். மாதம் ஒரு முறை அந்த இணைப்புகளை நீங்களே அழுத்திப் பாருங்கள். என் நாவலுக்கு நான் வைத்திருந்த இணைப்பு செத்துப்போய் ஆறு மாதம் ஆன பிறகு ஒரு வாசகர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அந்த ஆறு மாதமும் 'இணைப்பு பயோவில்' என்று விடாமல் எழுதிக்கொண்டிருந்தேன்.

கேள்வி: இன்ஸ்டாகிராம், பின்ட்ரெஸ்ட், யூடியூப் ஷார்ட்ஸ், இதில் எதை எடுத்துக்கொள்வது? எல்லாவற்றிலும் இருக்க வேண்டுமா?

வேண்டாம். ஒன்றை ஒழுங்காகச் செய்யுங்கள். உங்கள் வாசகர்கள் ஏற்கெனவே எங்கே இருக்கிறார்களோ அது, பெரும்பாலும் இன்ஸ்டாகிராமாக இருக்கும்.

பின்ட்ரெஸ்டைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை, ஏனென்றால் எழுத்தாளர்கள் அதைக் கண்டுகொள்வதில்லை. படங்களைத் தேடிச் சேர்த்து வைக்கிற தளம் அது, சமூக ஊடகம் என்பதைவிடத் தேடுபொறி என்று சொல்வது பொருத்தம். ஒவ்வொரு படத்தோடும் இணைப்பு வைக்கலாம், அழுத்தினால் நேரே திறக்கும். ஒரு வருஷத்துக்கு முன் போட்டதைக்கூட இன்று ஒருவர் தேடி எடுப்பார். சமையல், தையல், தோட்டம், குழந்தை வளர்ப்பு, பயணம் என்று எழுதுபவர்களுக்கு நல்ல இடம், நாவல்காரர்களுக்கு அவ்வளவு இல்லை. அங்கே படம் நின்ற வாக்கில் 2:3 அளவில் இருக்க வேண்டும், 1000க்கு 1500 பிக்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

யூடியூபின் குறுவீடியோவான ஷார்ட்ஸ் 2024 அக்டோபரிலிருந்து மூன்று நிமிடம் வரை போகலாம் என்றாகிவிட்டது. மூன்று நிமிடம் கிடைக்கிறது என்பதற்காக மூன்று நிமிடம் பேசாதீர்கள்.

கேள்வி: கேமரா முன்னால் நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. முகம் காட்டாமல் வீடியோ போட முடியாதா?

தாராளமாக முடியும். சொல்லப்போனால் எழுத்தாளரின் முகத்தைவிட அவருடைய மேஜை சுவாரசியமானது. உங்கள் கைப்பிரதியின் ஒரு பக்கத்தை, அடித்தல் திருத்தல்களோடு, மேலிருந்து படம் எடுங்கள். 'இந்தப் பத்தியை ஏன் தூக்கினேன்' என்று நாற்பது விநாடி பேசிப் பின்குரலாகச் சேருங்கள். பேசவும் கூச்சமா, பேச நினைத்ததைத் திரையில் எழுத்தாக ஓட விடுங்கள். எப்படியும் நிறையப் பேர் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்க்கிறார்கள், அதனால் குரல் இருந்தாலும் வசன வரி போட்டே ஆக வேண்டும். அந்த வரிகளைத் திரையின் நடுப்பகுதியில் வையுங்கள். அடியில் வைத்தால் உங்கள் பெயரும் குறிப்பும் அதன் மேலேயே ஏறி உட்கார்ந்துகொள்ளும், வலது ஓரத்தில் வைத்தால் பொத்தான்கள்.

ஒரு விஷயம் மட்டும் மாற்றிக்கொள்ள முடியாது: முதல் இரண்டு விநாடி. 'வணக்கம், நான் இன்னார், இன்று என் புத்தகத்தைப் பற்றி' என்று சொல்லி முடிப்பதற்குள் பார்ப்பவர் அடுத்த வீடியோவுக்குப் போயிருப்பார். நடுவிலிருந்து ஆரம்பியுங்கள். சிறுகதையில் செய்கிறீர்களே, அதே வேலைதான்.

கேள்வி: படத்தில் தமிழ் எழுதினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போகிறது. பதிப்பகம் கொடுத்த கோப்பிலிருந்து எடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்தாகக் கொட்டுகிறது.

இரண்டும் வேறு வேறு நோய். ஆங்கிலமாகக் கொட்டுவது, அந்தக் கோப்பு பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டது என்பதால். அதில் ஆங்கில விசைகளின் மேல் தமிழ் உருவங்களை ஏற்றி வைத்திருப்பார்கள், எழுத்துரு போனால் குட்டு வெளிப்பட்டுவிடும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிற மாற்றிகளில் போட்டு, எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான யூனிகோடாக மாற்றிக்கொள்ளுங்கள், மாற்றிய பிறகு ஒரு முறை மெய்ப்புப் பார்க்காமல் விடாதீர்கள்.

கொம்பும் காலும் பிரிவது செயலியின் கோளாறு. ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்பு என்றால் எழுத்து அமைப்புகளில் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வை மாற்ற வேண்டும். போன் செயலி என்றால் எழுத்துருவை மாற்றிப் பாருங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், மீரா இனிமை, பவனம், கவிவனார் எல்லாம் கூகிள் ஃபாண்ட்ஸில் இலவசம், வணிகத்துக்கும் பயன்படுத்தலாம். புதிய செயலி எதில் இறங்கினாலும் முதலில் 'கொ கோ கௌ ஸ்ரீ' என்று அடித்துப் பாருங்கள். அது தேறினால் மற்றதும் பெரும்பாலும் தேறும்.

படத்துக்குள் இருக்கும் எழுத்தைப் பார்வையற்ற வாசகர்களுக்குத் திரையில் இருப்பதை உரக்கப் படித்துச் சொல்கிற திரைவாசிப்பான் சரியாகப் படிக்கும் என்று நம்பியிருக்க முடியாது. இன்ஸ்டாகிராமில் 2018-லிருந்தே படத்துக்கு மாற்று உரை எழுத வசதி இருக்கிறது, பதிவிடும்போது கூடுதல் அமைப்புகளுக்குள் ஒளிந்திருக்கும். வரியை அப்படியே அங்கேயும் ஒரு தடவை ஒட்டிவிடுங்கள்.

கேள்வி: கூகிளில் தேடி எடுத்த படத்தின் மேல் என் வரியைப் போடலாமா? சினிமாப் பாட்டு?

கூகிள் தேடித்தான் கொடுக்கிறது, படம் வேறொருவருடையது. உங்கள் கதையை யாராவது அப்படி 'கூகிளில் எடுத்தேன்' என்று போட்டால் விடுவீர்களா? அன்ஸ்பிளாஷ், பெக்சல்ஸ் மாதிரி இலவச உரிமம் உள்ள தளங்கள் இருக்கின்றன. அதைவிட, ஜன்னல் ஓரத்து வெளிச்சத்தில் நீங்களே போனில் எடுத்தால் போதும். பாட்டு, செயலி தருகிற நூலகத்திலிருந்து மட்டும். உங்கள் கணக்கு வணிகக் கணக்காக இருந்தால் அதில் பல பாடல்கள் கிடைக்காது, படைப்பாளர் கணக்கு என்று இன்னொரு வகை இருக்கிறது, அதில் தேர்வு கொஞ்சம் அதிகம். அட்டை ஓவியத்தை வெட்டி ஒட்டி உருமாற்றுவதற்கு முன் பதிப்பாளரிடமும் ஓவியரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கேள்வி: டிக்டாக்கால் பழைய புத்தகம் திடீரென்று விற்றது என்கிறார்களே, உண்மையா? ஒரு புத்தகப் பக்கம் என்னிடம் வீடியோவுக்குப் பணம் கேட்கிறது, கொடுக்கலாமா?

உண்மைதான். மேட்லின் மில்லரின் 'தி சாங் ஆஃப் அகிலிஸ்' வெளிவந்தது 2011-ல். பத்து வருஷம் கழித்து 2021-ல், புக்டாக் என்று சொல்லப்படுகிற வாசகர் கூட்டம் அதைத் தூக்கிப் பிடித்ததில் மறுபடி விற்பனைப் பட்டியல்களில் ஏறியது. இதைக் கேட்டதும் எல்லா எழுத்தாளரும் டிக்டாக் கணக்கு தொடங்கப் போகிறார்கள். அங்கே கவனிக்க வேண்டியது, அந்த வீடியோக்களை எடுத்தவர்கள் வாசகர்கள் என்பது. படித்துவிட்டு அழுத முகத்தோடு ஒரு பெண் பேசுவதை நம்பினார்கள். அதே கண்ணீரை எழுதியவரே விட்டிருந்தால் சிரித்திருப்பார்கள்.

ஆகவே வாசகர்கள் பேசுவதற்கு வழி செய்யுங்கள். புத்தகம் பற்றி ஆர்வமாகப் பேசுகிற சின்னச் சின்னப் பக்கங்கள், ஆயிரம் பேர் பின்தொடர்ந்தாலும் போதும், அவர்களுடைய பழைய பதிவுகளைப் படித்து, உங்கள் வகை எழுத்து பிடிக்கும் என்று தோன்றினால் ஒரு பிரதி அனுப்புங்கள். அனுப்பியதோடு மறந்துவிடுங்கள். 'படிச்சாச்சா?' என்று வாரம் ஒரு தடவை கேட்டால் அவர்கள் புத்தகத்தோடு உங்களையும் ஒதுக்கிவிடுவார்கள். யாராவது உங்கள் புத்தகத்தைப் படம் எடுத்துப் போட்டால் கேட்டுவிட்டு உங்கள் ஸ்டோரியில் பகிருங்கள், நன்றி சொல்லுங்கள். குறை சொல்லியிருந்தாலும் சண்டைக்குப் போகாதீர்கள்.

பணம் விஷயத்தில் நான் சூடு பட்டவன். ஒரு பக்கத்துக்குக் கொடுத்தேன், அழகான வீடியோ, என் கதாநாயகியின் பெயரை மட்டும் ஆரம்பத்திலிருந்து கடைசி வரை மாற்றிச் சொன்னார்கள். படிக்கவில்லை என்று புரிந்தது. கொடுப்பதானால் முதலில் அவர்களுடைய பின்னூட்டங்களைப் பாருங்கள். 'இது எங்கே கிடைக்கும்?' என்று யாராவது கேட்டிருக்கிறார்களா, இல்லை வெறும் இதயமா? அப்புறம், பணம் வாங்கிய பதிவு என்றால் அதை வெளிப்படையாகக் குறிப்பிட்டே ஆக வேண்டும், இன்ஸ்டாகிராமில் அதற்கென்று அடையாளமே இருக்கிறது. அதைப் போட மாட்டோம் என்கிறவர்களிடம் போகாதீர்கள்.

கேள்வி: எத்தனை லைக் வந்தால் வெற்றி?

லைக்கை விடுங்கள். எத்தனை பேர் அதை இன்னொருவருக்கு அனுப்பினார்கள், எத்தனை பேர் சேமித்து வைத்தார்கள் என்று பாருங்கள், தொழில்முறைக் கணக்குக்கு (மேலே சொன்ன வணிகக் கணக்கோ படைப்பாளர் கணக்கோ) மாறினால் இந்த எண்கள் தெரியும். பார்த்த நேரம், லைக், பிறருக்கு அனுப்புதல் மூன்றும் தரவரிசையில் முக்கியம் என்று இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரியே 2025 தொடக்கத்தில் சொன்னார். புதியவர்களிடம் போய்ச் சேர்வதற்கு அதில் அனுப்புதல்தான் கனமானது.

கேள்வி: எழுதவே நேரமில்லை, இதில் தினமும் பதிவு போடுவதா?

யார் தினமும் போடச் சொன்னது? வாரம் இரண்டு போதும். மாதத்தில் ஒரு மதியம் உட்கார்ந்து எட்டுப் பதிவைச் செய்து, தேதி குறித்து வைத்துவிடலாம், இன்ஸ்டாகிராமை நடத்துகிற மெட்டாவின் பிசினஸ் சூட்டிலேயே அதற்கு வசதி இருக்கிறது, காசில்லை. காலையில் எழுதுகிற ஆள் என்றால் காலையில் செயலியைத் திறக்காதீர்கள். இது எனக்கே நான் சொல்லிக்கொள்வது.

கேள்வி: ஒரு நாவல் எழுதியிருக்கிறேன். எழுதியதை நானே கூவி விற்பது அசிங்கமாக இருக்கிறது. இதையெல்லாம் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்?

ஒன்றும் ஆகாது, விட்டுவிடுங்கள். மனமில்லாமல் செய்வது படத்தில் தெரிந்துவிடும். ஆனால் யாரோ ஒருவர் உங்கள் கதையை எங்கோ படித்துவிட்டு உங்கள் பெயரைத் தேடி வந்தால், அவர் வெறும் கையோடு திரும்பக் கூடாது இல்லையா? அதற்காக ஒரு பக்கம் மட்டும் திறந்து வையுங்கள். மேலே மூன்று பதிவுகளைக் குத்தி வைக்க இடம் தருகிறார்கள். நீங்கள் யார், என்ன எழுதியிருக்கிறீர்கள், எங்கே கிடைக்கும், அவ்வளவுதான். ஒரு மணி நேர வேலை. கடவுச்சொல்லை ஒரு நோட்டில் எழுதி வைத்துவிட்டு அடுத்த நாவலுக்குப் போய்விடுங்கள்.

இன்னொன்று. நான்கு பக்கக் கடிதத்தில் உங்கள் நாவலின் பெயர் ஓர் இடத்தில்கூட இல்லை. அடுத்த கடிதத்திலாவது எழுதுங்கள், நான் வாங்கிக்கொள்கிறேன்.