பதில்: 1 − 2/(எக்ஸ் + 3) வரைபடம் ஏன் தப்பாகிறது?

தம்பி, பிளஸ் ஒன் மாதிரித் தேர்வில் இதற்குத் தொலைத்தொடுகோடுகள் (வளைவு மேலும் மேலும் நெருங்கிப் போகும் கோடுகள்) எக்ஸ் = 3, ஒய் = −1 என்று போட்டு மதிப்பெண் போனதாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் தனித்தனித் தப்பு.

முதலாவது எல்லாரும் செய்வதுதான். பின்னத்தின் பகுதி, அதாவது கீழே உள்ள எக்ஸ் + 3, பூச்சியமாகும் இடத்தைப் பாருங்கள்: எக்ஸ் = −3. வரைபடம் இடப்பக்கம் 3 நகர்கிறது.

இரண்டாவதில்தான் விஷயம் இருக்கிறது. நீங்கள் முதலில் 1 மேலே ஏற்றிவிட்டு, பிறகு கவிழ்த்திருக்கிறீர்கள். அப்போது ஏற்றிய 1-ம் சேர்ந்து கவிழ்ந்து −1 ஆகிவிடும். 2/(எக்ஸ் + 3) வரை வந்ததும் எக்ஸ் அச்சில் பிரதிபலியுங்கள். கடைசியாக 1 ஏற்றுங்கள். கோடு ஒய் = 1-இல் நிற்கும். வலப்பக்கக் கிளை அதற்குக் கீழே, இடப்பக்கக் கிளை மேலே. எக்ஸ் அச்சை −1-இலும் ஒய் அச்சை 1/3-இலும் வெட்டுகிறதா என்று சரிபாருங்கள்.

1/(எக்ஸ் + 3)-ஐ 2-ஆல் நீட்டும்போது தொலைத்தொடுகோடு அசையாது, வளைவு மட்டும் இரு கோடுகளும் சந்திக்கும் மூலையை விட்டு விலகும். (2/எக்ஸ்-ஐ 1/எக்ஸ்-இன் பக்கவாட்டு நீட்டலாகவும் பார்க்கலாம், அதே படம்தான்.)

மேலூர்க்காரர் என்கிறீர்களே, மதுரைக்குச் சுமார் 30 கிலோமீட்டர். பஸ்ஸுக்குக் கால் மணி நேரம் காத்திருந்தால் மொத்த நேரம் 30/வேகம் + 1/4. டிரைவர் எவ்வளவு விரட்டினாலும் அந்தக் கால் மணிக்குக் கீழே போகாது. அதுதான் உங்கள் கிடைக்கோடு.