'டு'வுக்குப் பின்னால் என்ன வரும்?

இந்த முறை வந்த ஆங்கில இலக்கணக் கேள்விகள் அநேகமாக ஒரே இடத்தில்தான் முட்டுகின்றன: 'டு', 'இன்', 'ஆஃப்டர்' போன்ற முன்னிடைச்சொல்லும் அதையடுத்து வரும் வினையும்.

விண்ணப்பக் கடித முடிவில் 'லுக்கிங் ஃபோர்வேர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ' என்று எழுதலாமா, ரீச்சர்? (கிளிநொச்சி)

எழுதாதேங்கோ. 'டு ஹியரிங் ஃப்ரம் யூ' என்பதே சரி. 'டு'வைக் கண்டவுடன் வெறும் வினையைப் போடுவது பள்ளிக்கூடத்தில் ஊறின பழக்கம். ஆனால் 'டு' இரண்டு வகை. சந்தேகம் வந்தால் வினையைத் தூக்கிவிட்டு 'இட்' போட்டுப் பாருங்கோ. 'லுக்கிங் ஃபோர்வேர்ட் டு இட்' பொருந்துகிறது; அப்படியானால் அது முன்னிடைச்சொல், வினையோடு 'இங்' சேர்க்கவேண்டும். 'ஐ வோண்ட் டு இட்' பொருந்தாது. அங்கே 'டு வேர்க்' என்று வெறும் வினைதான். இன்னொன்று: 'இன்ட்ரெஸ்டட் இன் டு வேர்க்' வேண்டாம், 'இன் வேர்க்கிங்'.

'யூஸ்ட் டு'வுக்குப் பிறகு 'இங்' வருமா? (வவுனியா)

இரண்டும் வரும், கருத்துத்தான் மாறும். 'ஐ யூஸ்ட் டு ஃபார்ம்' என்றால் முந்தி வயல் செய்தேன், இப்ப இல்லை. 'ஐ ஆம் யூஸ்ட் டு ஃபார்மிங்' என்றால் வயல் வேலை எனக்குப் பழகினது. நேர்முகத் தேர்வில் மாறிச் சொல்லிவிடாதேங்கோ.

'ஆஃப்டர் ஹார்வெஸ்டிங் த பேடி, த ரெய்ன் கேம்.' 'இங்' போட்டும் ஏன் பிழை? (பரந்தன்)

இந்த வசனத்தின்படி அரிவு வெட்டினது மழை! தமிழில் 'நெல்லு வெட்டின பிறகு மழை வந்தது' என்றால் ஒருவரும் குழம்பமாட்டார்கள். ஆங்கிலத்திலோ, கமாவுக்குப் பிறகு வரும் எழுவாய்தான் அந்த 'இங்' வேலையைச் செய்ததாக எடுப்பார்கள். 'ஆஃப்டர் வீ ஹார்வெஸ்டட் த பேடி, த ரெய்ன் கேம்' என்று எழுதுங்கோ. இரணைமடுக் குளத்துத் தண்ணியில் நீங்கள் பாடுபட்டு விளைவித்ததை மழையின் கணக்கில் ஏன் எழுதவேண்டும்?

'த நெட்ஸ் இன் த போட்': அடுத்து 'இஸ்'ஸா, 'ஆர்'ரா? (சாதாரணதர மாணவி, முல்லைத்தீவு)

'ஆர்'. 'இன் த போட்' என்பதை விரலால் மறைத்துவிட்டு வாசியுங்கோ, வலைகள்தான் மிஞ்சும்.

'நியர் த டெம்பிள் ஸ்டாண்ட் டூ ட்ரீஸ்.' கோயில் ஒன்றுதானே, 'ஸ்டாண்ட்ஸ்' இல்லையா? (மல்லாவி)

இல்லை. இங்கே எழுவாய் வினைக்குப் பின்னால் நிற்கிறது. நிற்பது இரண்டு மரம், ஆகவே பன்மை. எழுவாயாக 'இட்' போன்ற பிரதிப்பெயர் வந்தால் மட்டும் இப்படித் திருப்பமுடியாது: பஸ் வரும்போது 'ஹியர் கம்ஸ் த பஸ்' என்கிறோம், ஆனால் 'ஹியர் இட் கம்ஸ்'. 'ஹியர் கம்ஸ் இட்' என்று ஒருவரும் சொல்வதில்லை.