குட்டையோரம் மட்டும் எண்ணினால் போதுமா?

கேள்வி: முதுநிலை ஆய்வுக்காக வறண்ட நிலத்துப் பறவைகளைக் கணக்கெடுக்க இடம் தேடுகிறேன். போன இடமெல்லாம் பொட்டல். ஒரு குட்டையில் மட்டும் காலையில் பறவைகள் குவிகின்றன. அதையே ஆய்வுக்களமாக வைத்துக்கொள்ளலாமா?

பதில்: பறவைகள் தண்ணீரை எப்படிப் பயன்படுத்துகின்றன என்பது உங்கள் ஆய்வென்றால் தாராளமாக. அந்த வட்டாரத்தில் என்னென்ன பறவைகள், எவ்வளவு வாழ்கின்றன என்று அறிய வேண்டுமென்றால், குட்டை ஏமாற்றிவிடும்.

காய்ந்த விதை தின்னும் கல்கௌதாரியும் புறாவும் தண்ணீருக்கு வந்தே தீர வேண்டும். பூச்சி பிடிக்கும் கீச்சானுக்கு ஈரம் பெரும்பாலும் இரையிலேயே கிடைத்துவிடுகிறது. அது குட்டைப் பக்கம் எட்டிப் பார்க்காமலே இருக்கலாம். வருகிற பறவைகளும் அங்கே குடியிருப்பவை அல்ல. கல்கௌதாரிகள் பல கிலோமீட்டர் பறந்து வருபவை. குஞ்சு பொரித்த காலத்தில் ஆண் பறவையைத் தொலைநோக்கியில் கவனியுங்கள். குடித்ததும் கிளம்பாமல் நீரில் அமர்ந்து, உடலை அசைத்து அசைத்து வயிற்று இறகுகளை ஊற வைக்கும். அந்த இறகுகளைச் சப்பித்தான் குஞ்சுகள் தாகம் தீர்த்துக்கொள்கின்றன. நனைந்த ஆண் எந்தத் திசையில் பறக்கிறதோ, குஞ்சுகள் அந்தப் பக்கம். குட்டையால் உங்களுக்குக் கிடைக்கும் பெரிய உதவி இந்தத் துப்புதான்.

சரி, களத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது? சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் 10 மீட்டர் துல்லியத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மழை முடிந்ததும் எடுத்த படத்தையும் கடும் கோடையில் எடுத்ததையும் ஒப்பிடுங்கள். சட்டென்று பச்சையாகி மறைவது புல். கோடையிலும் மங்காமல் நெளியும் பச்சைக் கோடு பெரும்பாலும் மணல் ஓடை. கரையில் ஆழ வேரோடிய மரங்கள் நிற்கும். ஓடைக்கரை, புதர்வெளி, சரளைத்தரை என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் நீங்கள் நின்று எண்ணப்போகும் புள்ளிகளைக் குலுக்கல் முறையில் எடுங்கள். பொட்டலை ஒதுக்காதீர்கள், சில வானம்பாடிகளுக்கு அதுதான் வீடு. புள்ளிகளுக்கிடையே குறைந்தது 250 மீட்டர் விடுங்கள். கண்ணுக்கெட்டிய தூரம் திறந்து கிடந்தால் இன்னும் தள்ளி வையுங்கள், இல்லாவிட்டால் ஒரே பறவையை இரண்டு முறை எண்ணிவிடுவீர்கள். போக வர வசதியென்று எல்லாவற்றையும் சாலையோரம் வைக்க வேண்டாம். நில உரிமையாளரிடம் அனுமதி வாங்கும்போதே, எந்த மடுவில் கடைசிவரை தண்ணீர் நிற்கும் என்று ஆடு மேய்ப்பவர்களிடம் கேட்டுவிடுங்கள்.

விடிந்த முதல் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் எண்ணி முடியுங்கள். வெயில் ஏறினால் எல்லாம் நிழலில் ஒடுங்கிவிடும். ஒருமுறை வெறிச்சோடிக் கிடந்தது என்று இடத்தைக் கைவிடவும் வேண்டாம். இந்நிலப் பறவைகள் பலவும் மழையைப் பார்த்தே கூடு கட்டுகின்றன.

அப்புறம், குறிப்பேடு. அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில் விலங்கியலாளர் ஜோசப் கிரின்னலும் குழுவினரும் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கணக்கெடுத்த இடங்களுக்கு மறுபடி போய்ப் பார்த்த ஆய்வு 2018-இல் வெளியானது. ஓர் இடத்துக்குச் சராசரியாக 43 விழுக்காடு பறவையினங்கள் குறைந்திருந்தன. அன்றைய குறிப்புகள் தெளிவாக இருந்ததால்தான் இது தெரியவந்தது. அதனால் ஒவ்வொரு புள்ளிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை, நேரம், கடைசியாக மழை பெய்த நாள் எல்லாவற்றையும் எழுதுங்கள். ஒரு பறவையும் தென்படாத புள்ளிக்குப் பூஜ்யம் என்றே பதியுங்கள், வெற்றிடமாக விடாதீர்கள்.