உணவுக் கட்டுப்பாட்டில் இருக்கும்போது தூக்கம், மனநிலை, முன்னேற்றம் எல்லாம் குறித்து வைக்க வேண்டுமா? எப்படி?

கேள்வி கேட்டவர் ஐபிஎஸ் (IBS) என்கிற குடல் தொல்லைக்காக ஃபோட்மேப் உணவு முறையைத் தொடங்கப் போகிறாராம். செயலியா நோட்டா, எதையெல்லாம் எழுத வேண்டும், மனநிலையைக்கூட எழுதத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். நான் இதைச் செய்து முடித்தவன் என்பதால் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், உங்களுக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எழுதுங்கள், ஆனால் எதையும் நிறுத்துவதற்கு முன்னாலேயே எழுத ஆரம்பித்துவிடுங்கள். குறைந்தது இரண்டு வாரம் வழக்கமாகச் சாப்பிடுவதையே சாப்பிட்டுக்கொண்டு குறித்து வையுங்கள். எல்லோரும் இதை விட்டுவிட்டு முதல் நாளே வெங்காயம், பூண்டு, கோதுமை, பால் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு, ஒரு மாதம் கழித்து "தேவலாம்போல இருக்கு" என்கிறார்கள். எதைவிடத் தேவலாம் என்று கேட்டால் பதில் வராது.

எனக்கு ராணிப்பேட்டை சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை, வீடு காட்பாடி பக்கம். ஆறு வருடமாக வயிறு உப்புசம், திடீர் வலி, பஸ்ஸில் ஏறுவதற்கு முன் இரண்டு தடவை கழிவறை. எல்லாப் பரிசோதனையும் எடுத்துப் பார்த்துவிட்டு குடல் மருத்துவர் ஐபிஎஸ் என்றார். சித்தியிடம் சொன்னேன், "அது படிச்சி வாங்கறது இல்ல?" என்றார்.

ஃபோட்மேப் என்பது தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. சில வகைச் சர்க்கரைகள் சிறுகுடலில் முழுசாக உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போய்விடும். போகிற வழியில் தண்ணீரை இழுக்கும், அங்கே இருக்கும் பாக்டீரியா அதைப் புளிக்க வைத்து வாயு உண்டாக்கும். எல்லோருக்கும் நடப்பதுதான், ஐபிஎஸ் குடல் அதைத் தாங்காது. மெல்போர்னில் இருக்கும் மோனாஷ் பல்கலைக்கழகத்துக்காரர்கள் வகுத்த முறை இது. 2 முதல் 6 வாரம் அந்த வகை உணவுகளைக் குறைப்பது, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துச் சோதிப்பது, கடைசியில் ஒத்துக்கொள்ளாததை மட்டும் அளவோடு வைத்துக்கொள்வது. முதல் கட்டத்திலேயே வருடக்கணக்கில் உட்கார்ந்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். அப்படி இருந்தால் குடலில் நல்லது செய்யும் பிஃபிடோ பாக்டீரியாவும் குறைந்துவிடுகிறது என்று ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள்.

சரி, எப்படி எழுதினேன் என்றால், நோட்டு வாங்கினேன், மூன்றாம் நாளே அது எங்கே போனது என்று தெரியவில்லை. செயலி ஒன்றைப் போட்டேன், அதில் சாப்பாட்டைத் தேடினால் அவகாடோ, ஆஸ்பராகஸ் எல்லாம் வருகிறது, கீரைக் கடைசல் வரவில்லை. நேதாஜி மார்க்கெட்டில் யாரும் கண்ணால் பார்த்திராத காய்க்கெல்லாம் படம் போட்டிருந்தார்கள். கடைசியில் கிடைத்தது தினசரி காலண்டர். தினமும் கிழிக்கிற தாளின் பின்பக்கம் வெறுமையாகத்தானே இருக்கிறது. இரவு படுக்கும் முன் கிழித்து, அதன் பின்னால் நாலு வரி எழுதி, மளிகைக் கடையில் பில் குத்தி வைப்பார்களே, அந்த மாதிரி ஒரு கம்பியில் குத்தி அடுப்படி ஜன்னலில் மாட்டிவிடுவேன். அம்மா முதலில் "இன்னாடா எழுதினு கீற, கடன் கணக்கா?" என்றார்.

அந்த நாலு வரி: என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்கு. வயிறு எப்படி. எத்தனை மணி நேரம் தூங்கினேன். மனநிலை. அவ்வளவுதான். மலத்துக்கு பிரிஸ்டல் அளவுகோல் என்று ஒன்று இருக்கிறது, 1 என்றால் ஆட்டுப் புழுக்கை, 7 என்றால் வெறும் தண்ணீர், 3, 4 நல்லது. 1997இல் வந்தது, இன்றைக்கும் மருத்துவர்கள் அதைத்தான் கேட்கிறார்கள். ஒரு எண்ணைப் போட்டால் போதும், வர்ணனை தேவையில்லை. சாப்பிட்ட நேரத்தை எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சாப்பிட்டு எழுவதற்குள் வயிறு புரட்டினால் அந்தச் சாப்பாட்டைத் திட்டாதீர்கள், வயிற்றில் சாப்பாடு விழுந்ததுமே பெருங்குடல் தானாக இறுக ஆரம்பிக்கும், உள்ளே ஏற்கெனவே இருப்பதை அது தள்ளுகிறது. ஃபோட்மேப் வகை உணவு வேலையைக் காட்டுவதற்குச் சில மணி நேரம் ஆகும், மறுநாள் வரைகூடப் போகலாம். நான் ஆறு வருடம் சாயங்கால டீயைத் திட்டிக்கொண்டிருந்தேன். குற்றம் மதியச் சாம்பாரில் இருந்தது.

நான் எதையும் மாற்றாமல் எழுதிய அந்த இரண்டு வாரம் ஆடி மாதம். 14 தாள் சேர்ந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தரையில் பரப்பி, வயிறு நன்றாக இருந்த நாட்களைத் தனியாக எடுத்து வைத்தேன். நாலு தாள்தான் தேறியது. ஏன் அந்த நாலு நாள் மட்டும் என்று பின்பக்கத்தைப் படித்துப் படித்துப் பார்த்தும் பிடிபடவில்லை. தாளைத் திருப்பியவள் என் மனைவி. ஒன்றில் ஆடிக் கிருத்திகை என்று சிவப்பில் இருந்தது. ஒன்று ஆடி அமாவாசை. மற்ற இரண்டும் சனிக்கிழமை. எங்கள் வீட்டில் இந்த நாட்களில் வெங்காயம், பூண்டு சேர்க்க மாட்டார்கள். இரத்தினகிரிக்கும் வள்ளிமலைக்கும் காவடி எடுத்துப் போகிறவர்கள் எல்லாம் எங்கள் தெரு வழியாகத்தான் போவார்கள், அன்றைக்கு வீட்டில் பூண்டு உரித்தால் அம்மா தொலைத்துவிடுவார். அம்மாவுக்கு இது முருகன் செயல். எனக்கு ஃபிரக்டான், வெங்காயம், பூண்டில் இருக்கும் ஃபோட்மேப் சர்க்கரை. இருவரும் அதோடு விட்டுவிட்டோம்.

மோசமான நாட்களில் முதலிடம், அம்மன் கோயிலில் கூழ் ஊற்றிய நாளுக்கு. கூழுக்குப் பச்சைச் சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு இரண்டு சொம்பு குடித்திருக்கிறேன். சொம்புக்கு ஆறேழு வெங்காயமாவது போயிருக்கும்.

சமையல் பற்றி ஒரு விஷயம் மட்டும், ஏனென்றால் இதில்தான் நம் ஊர்க்காரர்கள் ஏமாறுகிறார்கள். சாம்பாரில் இருக்கிற வெங்காயத்தைப் பொறுக்கி ஓரமாக வைத்துவிட்டுச் சாப்பிட்டால் பயனில்லை. அந்த ஃபிரக்டான் தண்ணீரில் கரையும், குழம்பு முழுக்க இறங்கியிருக்கும். எண்ணெயில் கரையாது. அதனால் பூண்டை எண்ணெயில் வதக்கி வாசனை ஏறியதும் பூண்டை எடுத்துப் போட்டுவிட்டு அந்த எண்ணெயில் தாளித்தால் தொல்லை இல்லை. பெருங்காயம் நல்ல மாற்று, ஆனால் கடையில் வருவதில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும், டப்பாவைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள். அரிசி, உருளைக்கிழங்கு, கேரட், வெங்காயத்தாளின் பச்சைப் பகுதி, அளவோடு கத்திரிக்காய் எல்லாம் பயமில்லாமல் ஓடியது. இலவம்பாடி முள் கத்திரிக்காய் இல்லையென்றால் ஃபோட்மேப்பைக் குறைத்த அந்த ஐந்து வாரத்தை நான் தாண்டியிருக்க மாட்டேன்.

தூக்கத்துக்கு வருகிறேன். இது தேவையில்லாத வரி என்றுதான் நினைத்திருந்தேன், ஏதோ பேருக்கு எழுதினேன். ஏ ஷிஃப்டில் (காலை வேலை) ஏழு மணி நேரம் தூங்குகிறேன். ஸி ஷிஃப்ட் (இரவு வேலை) வாரம் காலையில் ஏழரைக்கு வீடு, எட்டு மணிக்குப் படுத்தால் மேலே மொட்டை மாடி கொதிக்கிறது, தெருவில் காய்கறி வண்டி ஒலிபெருக்கி, பன்னிரண்டரைக்கு எழுந்துவிடுவேன். நாலரை மணி நேரம். திரும்பச் சேர்க்கும் கட்டத்தில் சின்ன வெங்காயத்தை ஏ ஷிஃப்ட் வாரத்தில் சோதித்தேன், முதல் நாள் இரண்டு, மறுநாள் நாலு, மூன்றாம் நாள் ஆறு. மூன்றாம் நாள்தான் கொஞ்சம் கடமுடா. அட பரவாயில்லையே, நாலு வரை தாங்குகிறது என்று சந்தோஷமாக எழுதி வைத்தேன். பிறகு ஒரு ஸி ஷிஃப்ட் வாரத்தில் அதே மாதிரி செய்தேன், முதல் நாள் இரண்டு வெங்காயத்துக்கே இரவெல்லாம் மிஷின் பக்கத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தூக்கம் கெட்டால் ஐபிஎஸ் குடல் மறுநாள் சின்ன விஷயத்துக்கும் வலியைக் கூட்டிக் காட்டும், இது பலருக்கும் தெரிந்ததுதான், ஆனால் என் கைப்பட எழுதிய தாளில் பார்த்தபோதுதான் உறைத்தது. தூக்க வரி இல்லாமல் இருந்தால் நான் வெங்காயத்தை ஆயுசுக்கும் நிறுத்தியிருப்பேன், இல்லையென்றால் சோதனையே பொய் என்று விட்டிருப்பேன். ஷிஃப்ட் வேலைக்காரர்கள் எல்லாச் சோதனையையும் ஒரே ஷிஃப்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பொருளுக்கு மூன்று நாள், நடுவில் வயிறு பழைய நிலைக்கு வர இரண்டு மூன்று நாள் இடைவெளி, ஒரு சமயத்தில் ஒன்றுதான்.

மனநிலை. இதைத்தான் சந்தேகமாகக் கேட்டிருந்தீர்கள். முதலில் பத்துக்கு எத்தனை என்று நானே மதிப்பெண் போட்டேன். எல்லா நாளும் ஏழு. சலிப்பான நாளும் ஏழு, சூபர்வைசரோடு சண்டை போட்ட நாளும் ஏழு. மனைவி அதைப் பார்த்துவிட்டு பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்த வரி அவளுடையது. எண் எல்லாம் இல்லை, மூன்றே சொல்: "சரி", "சுமார்", "கிட்ட போகாதே".

ஃபோட்மேப்பைக் குறைத்த முதல் மூன்று வாரம் பெரும்பாலும் "சரி". நாலாவது வாரம் வயிறு அருமையாக இருந்தது, பத்து நாளில் ஒரே நாள்தான் வலி, முன்பு ஏழு நாள். ஆனால் மனநிலை வரியில் வரிசையாக ஐந்து "கிட்ட போகாதே". அந்த வாரம் என்ன நடந்தது என்று பார்த்தால், மச்சான் வீட்டு நிச்சயதார்த்தத்தில் எல்லோரும் சாப்பிடும்போது நான் டிபன் பாக்ஸைத் திறந்து தயிர்கூட இல்லாத வெறும் சாதம் சாப்பிட்டேன், யாரோ ஆற்காடு மக்கன் பேடா கொண்டுவந்து நீட்டினார்கள், கோவா, மைதா, சர்க்கரைப் பாகு மூன்றும் ஒன்றாய்ச் சேர்ந்த அதை மறுத்துவிட்டு வீட்டுக்கு வந்து பிள்ளையைக் கத்தினேன். சந்திராஷ்டமம் என்று அம்மா காலண்டரில் தேடினார், ஒரு நாள் சரியாகப் பொருந்தியது, அதை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். தாள்களை டயட்டீஷியனிடம் காட்டினேன். வயிறு தெளிந்துவிட்டது, இதற்குமேல் நீட்ட வேண்டாம், சோதனையை ஆரம்பியுங்கள் என்றார். ஆறு வாரம் பிடிவாதமாக இருக்க நினைத்தவன் ஐந்தில் நிறுத்தினேன். வயிற்று வரியை மட்டும் பார்த்திருந்தால் இன்னும் இரண்டு மாதம் ஓட்டியிருப்பேன்.

முன்னேற்றத்தை தினமும் அளக்காதீர்கள். ஒரு நாள் வலியை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, பத்து நாளில் எத்தனை நாள் வலி என்று எண்ணுங்கள், ஐபிஎஸ் தீவிரத்தை அளக்கும் கேள்வித்தாளிலும் அப்படித்தான் கேட்கிறார்கள். எடை ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு தடவை போதும், உடம்பில் இருக்கும் தண்ணீரே ஒரு கிலோ முன்னே பின்னே காட்டும். எனக்கு 74இல் இருந்து 71க்கு இறங்கியது, எடை குறைக்க நான் இதைச் செய்யவில்லை, அதனால் டயட்டீஷியன் அரிசியைக் கொஞ்சம் கூட்டச் சொன்னார். அப்புறம், எழுதுவதே ஒரு பதற்றமாக மாறி, ஒவ்வொரு வாய்க்கும் பயம் வருகிறது என்றால் கம்பியைக் கழற்றி வைத்துவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். சாப்பாட்டோடு ஏற்கெனவே மனச் சிக்கல் இருந்தவர்களுக்கு இந்த முறையே வேண்டாம் என்பார்கள்.

முக்கியமான ஒன்று. மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் பேதி, 50 வயதுக்கு மேல் புதிதாக ஆரம்பித்த தொல்லை, இதில் எது இருந்தாலும் டயட் பற்றி யோசிக்காமல் முதலில் மருத்துவரைப் பாருங்கள், வேலூரில் ஆஸ்பத்திரிக்கா பஞ்சம். கோதுமையை நிறுத்துவதற்கு முன்னாலேயே சீலியாக் (கோதுமையில் இருக்கும் குளூட்டன் ஒத்துக்கொள்ளாமல் குடல் கெடும் நோய்) ரத்தப் பரிசோதனை எடுத்துவிடுங்கள், நிறுத்திவிட்டு எடுத்தால் நோய் இருந்தும் இல்லை என்று காட்டக்கூடும்.

என் கணக்கின் முடிவு: பால் எனக்கு ஒன்றும் செய்யவில்லை, பாவம் டீ. சப்பாத்தி இரண்டு வரை சரி. துவரம்பருப்பு சின்னக் கிண்ணம். பூண்டு எண்ணெயில் மட்டும். வெங்காயம் ஏ ஷிஃப்டில் மட்டும், நாலுக்கு மேல் கிடையாது. இது என் குடலின் பட்டியல், உங்களுடையது வேறாக இருக்கும்.

இப்போது தினமும் எழுதுவதில்லை, புதிதாக எதையாவது சாப்பிட்டுப் பார்க்கும் நாள் மட்டும். கம்பியில் மேலாகக் குத்தியிருக்கும் தாள் போன மாதத்து ஞாயிற்றுக்கிழமை. "ஆம்பூர் பிரியாணி, அரை பிளேட், மதியம் 1.30, பச்சடி இல்லை. வயிறு 4. தூக்கம் 7 மணி நேரம்." மனநிலைக்கு நேரே மனைவி எழுதியிருப்பது: "சரி. மீதி அரை பிளேட் என்னுது."