ஏரி நிறைந்தால் உள்ளான் எங்கே போகும்? பறவை நோக்குவோர் கேள்விகளும் பதில்களும்

செப்டம்பர் கடைசியில் எங்கள் ஏரியில் உள்ளான்கள் கூட்டம் கூட்டமாக இருந்தன. மழை கொட்டி ஏரி நிறைந்த பிறகு ஒன்றைக்கூடக் காணவில்லை. ஏதாவது கெட்டுப்போய்விட்டதா?

எதுவும் கெடவில்லை, ஏரி நிறைந்ததுதான் காரணம். உள்ளானுக்குப் பிழைப்பு சேற்றில். கால் எட்டும் ஆழம், அலகு இறங்கும் ஈரம், அவ்வளவுதான் அதன் உலகம். வடகிழக்குப் பருவமழையில் சேற்றுத் திட்டுகள் மூழ்கியதும் அது நடவுக்குச் சேறடித்த வயல்களுக்கும் ஆழமற்ற குட்டைகளுக்கும் நகர்ந்துவிடும். நம் ஏரிகளில் தண்ணீரைத் தடுக்கப் போட்ட மண்கரையை ஒட்டித்தான் ஆழம் அதிகம். கரைமேல் நடந்துவிட்டுத் திரும்புகிறவர் ஏரியின் மோசமான பாதியை மட்டும் பார்க்கிறார். வரத்துக்கால் வந்து சேரும் எதிர்ப்பக்கம் சுற்றிப் போய்ப் பாருங்கள், புல் மூழ்கி நிற்கும் ஓரங்களில் சில தேறும். மற்றவை தை, மாசியில் தண்ணீர் வற்றத் தொடங்கியதும் திரும்பும்.

உள்ளானை விரட்டிய அதே மழையை நம்பித்தான் வேடந்தாங்கலில் நத்தைகுத்தி நாரையும் நீர்க்காகமும் கூடு கட்டுகின்றன. மரத்தடியில் தண்ணீர் நின்றால்தான் கூட்டுக்குக் காவல். எனவே குறிப்பேட்டில் "பறவை இல்லை" என்று மட்டும் எழுதாமல், மதகுப் படிக்கட்டில் நீர் எத்தனையாவது படியில் நின்றது என்பதையும் எழுதுங்கள். நீர்மட்டம் இல்லாத ஏரிக் குறிப்பு எனக்குப் பாதிக் குறிப்புதான்.

காலையில் போனால் வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது. எங்கே நிற்பது?

சூரியன் முதுகுப்பக்கம் இருக்கட்டும். தமிழ்நாட்டில் நிலம் பொதுவாகக் கிழக்கு நோக்கிச் சரிவதால் பல ஏரிகளுக்குக் கரை கிழக்கே அமைந்திருக்கிறது. அப்படிப்பட்ட ஏரியானால் காலையில் கரை, மாலையில் எதிர்ப்பக்கம். மேலே எதிர்ப்பக்கம் போகச் சொன்னேனே, அதை மாலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நவம்பரில் வந்த வாத்துகள் எல்லாம் ஒரே பழுப்பு நிறம். கையேட்டில் உள்ள அழகான ஆண் வாத்துகள் வரவில்லையா?

வந்திருக்கின்றன, உடைதான் வேறு. வடக்கே இனப்பெருக்கம் முடிந்ததும் ஆண் வாத்துகள் பளிச்சென்ற இறகுகளை உதிர்த்துவிட்டுப் பெட்டையைப் போன்ற பழுப்புக்கு மாறுகின்றன. அந்தச் சமயத்தில் பறப்பதற்கான இறகுகளும் மொத்தமாக உதிர்வதால் சில வாரங்களுக்குப் பறக்க முடியாது. கண்ணில் படாமல் இருப்பதே அப்போது பிழைக்கும் வழி. அந்தப் பழுப்பு முழுக்கக் கலைவதற்குள் பல நம் ஏரிக்கு வந்துவிடுகின்றன. ஊசிவால் வாத்து மார்கழிக்குள் பெரும்பாலும் அழகாகிவிடும். நீலச்சிறகி சோம்பேறி, தை வந்தும் பழுப்பாகவே திரியும்.

அதுவரை நிறத்தை மறந்து உருவத்தைப் பாருங்கள். தட்டைவாயனுக்கு அகப்பை போல நுனி அகன்ற அலகு. ஊசிவாலுக்கு நீண்டு மெலிந்த கழுத்து. ஆண் நீலச்சிறகி பறக்கும்போது சிறகின் முன்பகுதி வெளிர் நீலச் சாம்பலாகத் தெரியும், பழுப்பு உடையிலும் அது மாறாது. அலகு நுனியில் மஞ்சள் இருந்தால் அது புள்ளிமூக்கு வாத்து, உள்ளூர்வாசி. அதை வலசைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

சென்ற ஆண்டு மின்கம்பியில் உட்கார்ந்திருந்த பழுப்புக் கீச்சான் இந்த ஆண்டும் அதே கம்பியில். அதே பறவையா?

இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு. குளிர்காலம் கழிக்க வந்த இடத்தையும் எல்லை வகுத்துக் காக்கும் பறவை அது. பழைய இடத்துக்கே திரும்பும் வழக்கமும் அதற்கு உண்டு. காலில் ஆய்வாளர்கள் மாட்டிய அடையாள வளையம் இல்லாதவரை சத்தியம் மட்டும் செய்யாதீர்கள்.

மொட்டைமாடியில் பச்சை முதுகும் வாலடியில் சிவப்புமாக ஒரு பறவை துவண்டு கிடக்கிறது. என்ன தருவது?

எதுவும் தராதீர்கள். அது தோட்டக்கள்ளன். விடியலிலும் அந்தியிலும் கூவுவதால் ஆறுமணிக்குருவி என்றும் சொல்வார்கள். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, இரவுகளில் பறந்து தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வரும் பறவை. களைப்பிலோ கண்ணாடியில் மோதியோ ஐப்பசி வாக்கில் நகரங்களில் இப்படி விழுகிறது.

துளையிட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து, அதில் வைத்து மூடி, சத்தமில்லாத இடத்தில் சில மணி நேரம் விடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றினால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். தெம்பு வந்ததும் பகல் வெளிச்சத்திலேயே மரம் அடர்ந்த இடத்தில் பெட்டியைத் திறந்துவிட்டு விலகி நில்லுங்கள். இறக்கை தொங்கினாலோ, எழும்பாவிட்டாலோ வனத்துறையை அழையுங்கள். அழகாக இருக்கிறதே என்று கூண்டில் வைத்துக்கொள்வது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கையில் ஏந்திச் செல்ஃபி எடுப்பது சட்டத்துக்கு முன்பே அதன் உயிருக்கு ஆபத்து.

குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் மெர்லின் செயலியை நம்பலாமா?

துப்பாக எடுத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக வேண்டாம். கரிச்சான், வைரி என்னும் வேட்டைப் பறவையைப் போலவே கத்திக் காட்டும். செயலி மட்டுமா, பக்கத்துக் குருவிகளே அதில் ஏமாறுகின்றன. பறவை கண்ணில் படாமல் பட்டியலில் ஏற்றாதீர்கள்.

முதல் பைனாகுலர் வாங்கப்போகிறேன். 8 மடங்கா, 10 மடங்கா?

8x42, அதாவது எட்டு மடங்கு, முன் கண்ணாடியின் விட்டம் 42 மி.மீ. பத்து மடங்கில் பறவை பெரிதாகும், கை நடுக்கமும் கூடவே பெரிதாகும். கழுத்துப் பட்டை அகலமாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.