நாட்டின் கட்டிடங்கள் வெளியிடும் பசுமை இல்ல வாயுக்களைக் குறைக்க எங்கிருந்து தொடங்க வேண்டும்?

கூரையிலிருந்து. தக்கலைக்குப் பக்கத்தில் அப்பாவின் ஓட்டு வீட்டை இடித்துவிட்டு 2014இல் காங்கிரீட் வீடு கட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

குடிபுகுந்த பிறகு வந்த முதல் சித்திரை. இரவு பத்து மணிக்குக் கட்டிலின் மேல் ஏறி நின்று தளத்தின் அடிப்பகுதியைத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சலில் கிடக்கும் குழந்தையின் நெற்றி போலச் சுட்டது. விசிறி அந்தச் சூட்டைத்தான் கீழே தள்ளிக்கொண்டிருந்தது. அடுத்த வாரமே ஏசி வாங்கினோம்.

"முப்பந்தலில் இத்தனை காற்றாலை சுற்றுகிறதே, நம் மின்சாரம் சுத்தமானதுதானே?" என்று மைத்துனர் கேட்டார். முப்பந்தல் இருக்கும் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று வலுப்பது தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில். நாம் ஏசி போடுவதோ பங்குனி, சித்திரை இரவுகளில். அப்போது காற்றும் குறைவு, வெயிலும் இல்லை. சுமையைப் பெரும்பாலும் நிலக்கரிதான் தாங்குகிறது. இந்தியாவில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாகச் சுமார் 700 கிராம் கரியமில வாயு வெளியேறுகிறது. ஓர் இரவுக்கு எட்டு யூனிட் என்றால், ஒரே ஒரு படுக்கையறைக்கு ஐந்தரைக் கிலோ.

மின்சாரம் மட்டுமல்ல. ஏசிக்குக் கேஸ் நிரப்ப வந்தவர் மிச்சமிருந்ததைக் காற்றில் திறந்துவிட்டார். ஆர்-410ஏ என்ற குளிரூட்டும் வாயு அது. அதில் ஒரு கிலோ, இரண்டு டன் கரியமில வாயுவுக்குச் சமம் என்பதைப் பிறகுதான் படித்தேன். இன்றும் மனம் உறுத்துகிறது.

எங்களுக்குக் கைகொடுத்தது மட்டுப்பாவில், அதாவது மொட்டை மாடியில் அடித்த வெள்ளைச் சுண்ணாம்பு. இங்கே ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம். ஐப்பசி மழை ஓயும்போது வெள்ளையெல்லாம் பாசி படிந்து கறுத்திருக்கும். தை மாதம் தேய்த்துக் கழுவி, உலர்ந்ததும் இரண்டு பூச்சு. வருடம் தவறக்கூடாது. இப்போது ஏசி சில இரவுகள்தான் ஓடுகிறது. பழைய 75 வாட் விசிறிக்குப் பதில் மின்சாரம் மிச்சப்படுத்தும் மோட்டார் கொண்ட 30 வாட் பிஎல்டிசி விசிறி மாட்டியிருக்கிறோம்.

அரசுக்கு இது தெரியாததல்ல. 2018இல் மத்திய அரசு கொண்டுவந்த 'எகோ நிவாஸ் சம்ஹிதா' என்ற, வீடுகளுக்கான எரிசக்திச் சேமிப்பு விதிகள், கூரை வழியாக வெப்பம் இறங்குவதற்கு ஒரு சதுர மீட்டருக்கு, உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 1.2 வாட் என்று எல்லை வகுத்தன. வெறும் காங்கிரீட் தளம் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் கடத்தும். ஆனால் அந்த விதிகள் குறிவைத்தது 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளை, அதாவது ஏறத்தாழ பன்னிரண்டரை சென்ட். மூன்று சென்ட், ஐந்து சென்ட்டில் கட்டும் எங்களைப் போன்றவர்களை யார் கேட்பது? வரைபட அனுமதியின்போதே கூரைக்கு என்ன செய்யப் போகிறாய் என்று கேட்க வேண்டும். வார்த்த தளம் ஐம்பது வருடம் நிற்கும்.

தங்கை வில்லுக்குறியில் வீடு கட்டுகிறாள். அடுத்த மாதம் தளம் வார்ப்பு. அதற்கு மேல் காற்றோட இடம் விட்டு ஓடு வேயச் சொல்லியிருக்கிறேன். அப்பா வீட்டு ஓடுகள் இன்னும் எங்கள் கொல்லையில் அடுக்கி இருக்கின்றன. எண்ணிப் பார்த்தோம், படுக்கையறைகளுக்குப் போதும்.